நார் கழுவிய தண்ணீர்

மண்ணைத் தொடக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னபோது என் மகள் சிரித்தாள்.

"மண்ணுக்குள்ள போவக்கூடாதுன்னுதான மேடம் இத்தினி பாடும். தொடவுமா கூடாது?"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மண்ணில் பூஞ்சை இருக்கும், உடம்பில் எதிர்ப்புச் சக்தி திரும்பி வருகிற வரைக்கும் மண், பறித்த பூ, கோயில் கூட்டம் எல்லாம் ஆகாது என்றார். நான் வழக்கம்போல் மகளுக்குப் பின்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். யாராவது என்னைப் பார்த்து எதையாவது கேட்டுவிடுவார்களோ என்கிற பயம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குக்கூட வறுமை பாதிதான் காரணம். வாத்தியார் எழுப்பிக் கேட்டால் எனக்கு வாய் வராது.

மகளுக்கு வந்தது ரத்தத்தில் வருகிற நோய். அதற்கு முன்னால் அவள் காஞ்சிபுரம் ராஜ வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைக்கு நின்றுகொண்டிருந்தாள். கட்டிக்கொடுத்த இடம் சரியில்லாமல் திரும்பி வந்தவள். அவள் அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சென்னை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றி, முடி கொட்டி, வாய் முழுக்கப் புண்ணாகி, ஒரு வாய்த் தண்ணீர் விழுங்க அரை நாள் அழுது, ஒருவழியாக ஆனி மாதம் வீட்டுக்கு வந்தோம்.

வந்தவளுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. வெளியே போகக்கூடாது. ஆட்கள் வரக்கூடாது. நாள் முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அடுப்படிக்கு வந்து, "மண்ணே இல்லாம செடி வளக்கலாமாம்மா" என்றாள். தேங்காய் மட்டையிலிருந்து நார் உரித்த பிறகு மிஞ்சுகிற தூள் இருக்கிறதே, அதைச் செங்கல் மாதிரி அழுத்தி விற்கிறார்களாம். தண்ணீரில் போட்டால் ஊறிப் பொங்குமாம். அதில் குடைமிளகாய் வைக்கப்போகிறாளாம்.

"அத்த வச்சி இன்னாடி பண்ணப்போற? காரமே இல்லாத மொளகா."

"காரமா துன்றதுக்கா வளக்கறேன். எதுனா ஒண்ணு வளரட்டும்மா இந்த வீட்ல."

மறுநாளே முசரவாக்கம் போகிற வழியில் இருக்கும் நர்சரிக்குப் பஸ் ஏறிப் போனேன். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். நான் கட்டியைக் கையால் காட்டினேன். எத்தனை என்றார். விரலைக் காட்டினேன். ஊமை என்று நினைத்திருப்பார். கேட்காமலே பையைத் தூக்கி என் தோளில் மாட்டிவிட்டார்.

ஆஸ்பத்திரி நர்ஸிடம் மகள் போனில் கேட்டிருந்தாள். நாராக இருந்தாலும் நீ தொடாதே, தூரமாக உட்கார்ந்து பார், வேலையை அம்மா செய்யட்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். ஆகவே அவள் மாடிப் படியின் கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் முகமூடி போட்டுக்கொண்டு உட்காருவாள். நான் கையுறை போட்டுக்கொண்டு பச்சை வலை நிழலில் வேலை செய்வேன். கட்டியை அன்னக்கூடையில் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் அது இளகி, உடைந்து, கூடை நிறையத் தவிட்டு நிறத்தில் எழும்பி வந்தது. பிழிந்தால் டீத் தண்ணீர் மாதிரிச் சாறு இறங்கியது. பிழிந்த நாரை மூன்று பைகளில் நிரப்பி நாற்று வைத்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி, சாயப் பட்டறைக்காரரின் சம்சாரம், தன் மாடியிலிருந்து இதையெல்லாம் பார்ப்பாள். அவர்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு. என்னை அண்ணி என்பதற்கு வதினா என்றுதான் கூப்பிடுவாள்.

"இன்னா வதினா, ஆத்தாளும் மவளும் மெத்த தைக்கிறதுக்கு நாரு பிழியறீங்களா?"

"மொளகா போடறோம்கா" என்று மகள் பதில் சொல்வாள்.

"போடுங்க போடுங்க. நார்லயே நெய்யறதுக்கும் கத்துக்கோங்க. எங்க வீட்டுக்காருக்குப் பட்டு வெல கட்டுப்படி ஆவல."

சிரிப்பாள். ஆனால் கைப்பிடிச் சுவரின் மேல் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போவதும் அவள்தான். எலுமிச்சம்பழம் எங்களுக்குத் தினமும் வேண்டியிருந்தது. எங்கள் குழாய்த் தண்ணீர் உப்பு. சோறு வடித்தால் பானையில் வெள்ளைப் படலம் கட்டும். நாரில் வைக்கிற செடிக்கு அந்தத் தண்ணீரை அப்படியே ஊற்றக்கூடாது, பிஹெச் பார்க்க வேண்டும் என்றாள் மகள்.

"தண்ணில காரம் ஜாஸ்தியா இருக்குதும்மா."

"மொளகாயிலதான் காரம் இல்ல. தண்ணியிலயாவது இருக்கட்டும் வுடு."

"அந்தக் காரம் இல்லம்மா. சவுக்காரத்துல இருக்குதே, அது."

அப்படிச் சொன்னதும் எனக்குப் புரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் சாயப் பட்டறையில்தான் வேலை செய்தேன். பட்டு நூலைச் சவுக்காரமும் சோடாவும் போட்ட கொதிநீரில் வேகவைத்து அதன் பசையை எடுப்பார்கள். அந்தத் தண்ணீர் விரலில் வழவழக்கும், வெந்து தோல் உரியும். சாயம் ஏற்றும்போது மட்டும் புளிப்பு வேண்டும். செடிக்கும் கொஞ்சம் புளிப்புத்தான் வேண்டுமாம். ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டால், நீலமாக வந்தால் காரம், மஞ்சளாக வந்தால் புளிப்பு, இரண்டுக்கும் நடுவில் இளம்பச்சையில் நிற்க வேண்டும். அதற்குத்தான் எலுமிச்சைச் சாறு.

"ஆறுல இருக்கணும்மா தண்ணி."

"ஆத்துல எங்கடி தண்ணி இருக்குது? பாலாத்துல மணலே இல்லன்றாங்க."

அவள் முகமூடிக்குள் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிஹெச் ஆறு என்பதைத்தான் சொன்னாள் என்று பிறகு தெரிந்தது. அதற்குப் பிறகு தினமும் காலையில் நான் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டுவேன். அவள் நாற்காலியிலிருந்து, "பாலாத்துல தண்ணி வந்துச்சா?" என்பாள். பச்சையாக இருந்தால் வந்தது என்பேன். அந்த மாதங்களில் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதில் பாதி இதுதான்.

மார்கழியில் காய் சிவந்தது. மூன்று செடியிலும் சேர்த்து ஒரு சின்னக் கூடைக்கு வந்தது. அதே மாதம் ரத்தப் பரிசோதனைக்குப் போனோம். சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டரம்மா. ஒன்றுமே தெரியவில்லை, தெளிவாக இருக்கிறது என்றார். மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வாலாஜாபாத் வரைக்கும் என்னென்னவோ பேசிக்கொண்டே வந்தாள். முடி இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் கடைக்குப் போகிறேன் என்றாள். காயைப் பொரியல் செய்தேன். ருசி ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு சாப்பிட்டோம்.

தையில் பழைய செடிகள் ஓய்ந்தன. நாரைத் தூக்கிப் போட வேண்டாம், கழுவித் திரும்பப் போடலாம் என்றாள் மகள். மறுபடி நர்சரிக்குப் போக வேண்டாம் என்பதில் எனக்கும் நிம்மதி. வேர்களைப் பிய்த்து எடுத்தேன். தாங்க முடியாத வேலை அது. குடைமிளகாயின் வேர், சிக்கு விழுந்த நூல் மாதிரி நாருக்குள் மூலை முடுக்கெல்லாம் ஓடியிருந்தது. பிறகு வெயிலில் காயவைத்து, பூஞ்சை இருந்தால் சாகட்டும் என்று கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, ஆறியதும் அலசினேன்.

அலசுவது எனக்குத் தெரிந்த ஒரே தொழில். பட்டறையில் சாயம் ஏற்றிய நூலை அலசி அலசிப் போட வேண்டும். முதல் தண்ணீர் ரத்தமாக வரும், அடுத்தது வெளிறும், பிறகு தெளியும். தண்ணீர் தெளிந்துவிட்டால் வேலை முடிந்தது. என் மாமியார் எனக்குச் சொன்னதும், நான் எனக்குப் பின்னால் வந்தவர்களுக்குச் சொன்னதும் அதுதான். முதல் தடவை நார் டீத் தண்ணீராக வடிந்தது. இந்தத் தடவை அதில் நிறமே இல்லை. இரண்டாவது தண்ணீரே கண்ணாடியாக இறங்கியது. சுத்தமாகிவிட்டது என்று பையில் நிரப்பி நாற்று வைத்தேன்.

பங்குனியில் இலைகள் வெளுத்தன. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, நடுவில் எல்லாம் மஞ்சள். நுனி கருகியது. தண்ணீரைப் பார்த்தால் இளம்பச்சையில்தான் இருந்தது. மகள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு யோசித்தாள்.

"ஊத்தற தண்ணிய வாணாம். பையிக்கு அடியில வடியுது பாரு, அத்தப் புடிச்சிப் பாரும்மா."

பிடித்தேன். கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. சொட்டு மருந்து விட்டதும் நீலம். மயில் கழுத்துச் சேலையின் நீலம்.

"நீ எத்தினி தண்ணி அலசுன?"

"தெளியற வரைக்கும்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து, இருமி, மறுபடி சிரித்தாள்.

"அய்ய, அது சாயமாம்மா? உப்பு. ஆறு மாசமா நாம ஊத்தன தண்ணில இருந்த உப்பு, போட்ட உரத்தோட உப்பு, எல்லாம் நாருக்குள்ள ஒக்காந்துக்கினு இருக்குது. உப்புக்கு ஏது கலரு? தெளிஞ்ச தண்ணிலதான் அது போவும், தெளிஞ்ச தண்ணிலதான் இருக்கவும் செய்யும்."

பக்கத்து வீட்டுக்காரி சிரிப்பைக் கேட்டுவிட்டு எட்டிப் பார்த்து, "இன்னா ஜோக்கு, எங்களுக்கும் சொல்லுங்க" என்றாள். மகள் சொன்னாள். "பட்டறைக்காரங்க புத்தி பட்டறையிலதான இருக்கும்" என்றாள் அவள். மூன்று பேரும் சிரித்தோம். நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

அந்த வாரமே மகளுக்குக் காய்ச்சல். முதலில் வெயில் என்று நினைத்தோம். பிறகு காலில் கன்னிப்போன மாதிரி ஊதாப் புள்ளிகள் வந்தன. அதைப் பார்த்ததும் அவள் நைட்டியை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். முதல் தடவையும் அப்படித்தான் வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மார்கழில பாத்தப்ப சுத்தமா இருக்குதுன்னீங்களே மேடம்" என்றாள் மகள்.

"அப்ப தெரியலம்மா. ஆனா எங்கயோ இருந்திருக்கு."

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியாது. நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

மறுபடியும் மருந்து ஏற்ற வேண்டும், இந்தத் தடவை முன்பைவிட வீரியமாக என்றார்கள். ஏற்றினால் பிழைக்க வழி உண்டு, நிச்சயம் என்று சொல்ல முடியாது. ஏற்றாவிட்டால் நாள் அதிகம் இல்லை. யோசித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் யோசிக்க ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டாள் மகள். போகமாட்டாளாம்.

நான் என்ன செய்வது? எனக்குப் பேசத் தெரியாது. சோறு போட்டேன். காலைப் பிடித்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி கைப்பிடிச் சுவரோரம் என்னைக் கூப்பிட்டு, "வதினா, இப்பிடி நின்னா ஆவுமா? பெத்தவ நீதான சொல்லணும். அழுது பொரண்டாவது இட்டுக்கினு போ" என்றாள். அவள் சொன்னது நியாயம். அழுது புரளவும் ஒரு தைரியம் வேண்டும்.

ஆனாலும் சொல்லிப் பார்த்தேன். மாடியில் இருக்கும்போதுதான் சொன்னேன், வேலை கையில் இருந்தால் எனக்குக் கொஞ்சம் வாய் வரும். மஞ்சளான நாற்றுகளைப் பிடுங்கிவிட்டு, மகள் சொன்னபடி நாரைத் திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை நாரிலிருந்து உப்பை வெளியே தள்ளுகிற சுண்ணாம்புச் சத்து உரத்தைக் கரைத்து அந்தத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில் வடித்து, கண்ணை நம்பாமல் ஒவ்வொரு தண்ணீருக்கும் சொட்டு மருந்து விட்டுப் பார்த்து. நீலம், நீலம், நீலப் பச்சை. கை ஓய்ந்துபோகிற வேலை.

"பாரு கண்ணு" என்றேன். "ஒரு தபா சரியா போவலன்னா மறுபடி கழுவறோம். கழுவிக் கழுவித்தான வளருது."

அவள் என் கையில் இருந்த ஈர நாரைப் பார்த்தாள்.

"நாருக்கு வலிக்காதும்மா" என்றாள்.

கொதிநீர்ப் பானை பக்கத்தில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நான் அதை எடுத்து ஊற்ற இருந்தேன். ஊற்றவில்லை.

"எனக்காவ போடி. எனக்கு யாரு இருக்கறாங்க?"

"உனக்காவத்தான் போன தபா போனேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். பிறகு எழுந்து, படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே போனாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஆறிப்போன தண்ணீரை யாருக்கும் உபயோகமில்லாமல் தளத்தில் கவிழ்த்தேன். ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலின் போர்வை உடம்பில் பட்டாலே கத்திய நாட்கள் இருந்தன. நான் வெளி வராந்தாவில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் தனியாகத்தான் உள்ளே இருந்தாள். அதையெல்லாம் நான் மறந்துவிட்டிருந்தேன் என்பது இல்லை. ஆனால் மகள் இருக்க வேண்டும் என்கிற ஆசையில், அவளுக்கு அது திரும்ப நடக்க வேண்டும் என்றுதான் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

வைகாசியில் பதில் சொல்லப் போனோம். வரதர் கோயில் உற்சவம், சின்ன காஞ்சிபுரம் முழுக்கக் கூட்டம். பஸ்ஸை எங்கெங்கோ சுற்றி விட்டார்கள். மகள் என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு வந்தாள். தலை ஒரு கொத்து நூல் அளவுகூடக் கனக்கவில்லை. ஒரு சின்ன நம்பிக்கை எனக்கு அப்போதும் இருந்தது. டாக்டரம்மா முன்னால் போய் நின்றால் மனசு மாறிவிடுவாள் என்று இருந்தேன்.

மாறவில்லை. வேண்டாம் மேடம் என்றாள். டாக்டரம்மா நல்லவர். சின்ன வயது. எதிரே இருந்த நாற்காலியை விட்டு எழுந்து வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினார். இந்த வயதில் விட்டுவிடலாமா என்றார். மகள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் டாக்டரம்மா தலையைத் தூக்கி, இத்தனை நாளில் முதல்முறையாக, என்னைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா. நீங்க சொன்னா கேப்பாங்க."

மகள் நிமிரவே இல்லை. அவள் கழுத்து மட்டும் எனக்குத் தெரிந்தது, புதிதாக வளர்ந்த முடி அதில் படிந்திருந்தது. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அந்தக் கழுத்து காத்துக்கொண்டிருந்தது. அழுது புரளலாம். காலில் விழலாம். விழுந்தால் வருவாள் என்று எனக்குத் தெரியும். அவள் வந்துவிடுவாள். எனக்காக இன்னொரு முறையும் உள்ளே போய்ப் படுப்பாள். அதுதான் பயமாக இருந்தது.

முந்தானையை வாயிலிருந்து எடுத்தேன்.

"அவ வாணான்றா மேடம்" என்றேன். "வலி இல்லாம மட்டும் பாத்துக்கோங்க."

டாக்டரம்மா என் தோளைத் தொட்டார். மகளின் கழுத்து மெல்லத் தளர்ந்தது. நான் சரியாகச் சொன்னேனா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. சரி என்று சொல்லக்கூடியவள் அவள் ஒருத்தி. அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி விஷயம் தெரிந்து ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு எலுமிச்சம்பழம் மட்டும் சுவரின் மேல் இருந்தது.

அன்றைக்கு வலிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் விடிந்ததும் நான் மாடிக்குப் போனேன். பழக்கம்தான். கழுவிய நாரில் வைத்த புது நாற்று, ஒன்றே ஒன்று, பச்சையாக நின்றிருந்தது. வைகாசி வெயிலில் அது பூ வைத்தாலும் கொட்டிவிடும் என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள். நான் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போது படியில் சத்தம் கேட்டது. உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி வந்திருக்கிறாள். முகமூடி இல்லை. நாற்காலிப் பக்கம் போகவில்லை. நேராகப் பைகளிடம் வந்து, மூச்சு வாங்க, தரையில் உட்கார்ந்தாள். பிறகு செடி இல்லாத ஒரு பையில், ஈர நாருக்குள், வெறுங்கையை மணிக்கட்டு வரைக்கும் விட்டாள்.

கையை எடு என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். இனி அதற்குப் பயப்பட ஒன்றும் இல்லை.

"சில்லுனு இருக்குதும்மா" என்றாள்.

கையை எடுக்கவில்லை. வெயில் ஏறுகிறவரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.